சிவப்புச் சீமாட்டி

கதை எழுதுகிறவனிடம் வாசகர்கள் எப்போதும் கணக்குக் கேட்பார்கள். முதல் அத்தியாயத்தில் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவனாக வந்தவன் பத்தாவது அத்தியாயத்தில் எப்படி ஐயா வாரி வழங்கினான் என்று கடிதம் எழுதுவார்கள். நியாயமான கேள்விதான். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு. நானும் கூடியவரையில் என் பாத்திரங்களை ஒழுங்காக நடக்க வைக்கத்தான் முயல்கிறேன். ஆனால் நிஜ மனிதர்கள் நம்முடைய இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. காதரின் அத்தோல் என்ற ஸ்காட்லாந்துச் சீமாட்டியை அப்படியே எடுத்து ஒரு நாவலில் வைத்தேனானால், எந்தப் பத்திரிகை ஆசிரியரும், "ஒரு பெண்மணியா, நான்கு பெண்மணிகளா? தீர்மானம் செய்துகொண்டு எழுதுங்கள்" என்று கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பெண்களுக்கு வோட்டு வேண்டாம் என்று பிரசாரம் செய்தவர் இந்த அம்மையார். ஸ்காட்லாந்திலிருந்து பார்லிமெண்டுக்குப் போன முதல் பெண்ணும் இவரேதான். ரஷ்யப் பொதுவுடைமை ஆட்சியைக் கண்டித்துப் புத்தகம் எழுதியவர். ஆனால் ஊரார் அவருக்குச் சூட்டிய பட்டம் 'சிவப்பு டச்சஸ்'. இந்தியாவுக்குச் சுயாட்சியா, கூடவே கூடாது என்று சொந்தக் கட்சியோடு முறைத்துக்கொண்டு வெளியேறியவர். அப்படிப்பட்டவர் ஸ்பெயின் தேசத்து ஏழைக் குழந்தைகளுக்காகத் தம் பதவியைத் தோற்றார். இத்தனைக்கும் கடைசிவரையில் அவர் பழுத்த கன்சர்வேடிவ்காரர்தான்.

1874-ல் பிறந்தவர். தகப்பனார் பாம்ஃப் என்ற ஊரின் பாரனெட், சரித்திர ஆராய்ச்சிக்காரர். பெண் லண்டனில் ராயல் சங்கீதக் கல்லூரியில் படித்தாள். பியானோவில் நல்ல தேர்ச்சி. 1899-ல் அத்தோல் டியூக்கின் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்தக் குடும்பத்தின் பெருமையைச் சொல்ல ஒரே ஒரு விஷயம் போதும். பிளேர் கோட்டையின் சொந்தக்காரரான அந்த டியூக்குக்குத் தனியாக ஒரு பட்டாளமே உண்டு. விக்டோரியா மகாராணியார் கொடுத்த அனுமதி. ஐரோப்பாவில் சட்டப்படி எஞ்சியிருக்கும் ஒரே தனியார் படை அதுதான் என்பார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் வாசல் காவலுக்கு நாலு பேர் நிற்பார்களே, அதைப் போலப் பட்டாளம்!

அந்த வீட்டில் குழந்தை பிறக்கவில்லை. கணவரோ தென் ஆப்பிரிக்க யுத்தம், குதிரைப்படை, பிறகு பார்லிமெண்டு என்று அலைந்துகொண்டிருந்தவர். சங்கீதத்தில் தேறிய அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. மலைநாட்டு ஜனங்களின் வேலைகள் ஒவ்வொன்றாக அவர் தலையில் வந்து விழுந்தன.

அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். அவர் பெயரைக் கேட்டவர்கள்கூட அதை அறிவதில்லை. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைகளிலும் மேற்குத் தீவுகளிலும் அந்நாளில் வைத்தியம் என்பது ஒரு கொடுப்பினை. டாக்டர் இருபது மைல் தள்ளி இருப்பார். நடுவில் ஓர் ஏரியோ கடல் துண்டோ கிடக்கும். படகு கிடைத்து அவர் வந்து சேர்ந்தாலும், துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கிற குடியானவனால் பீஸ் கொடுக்க முடியாது. பீஸ் வராத ஊரில் டாக்டர் எத்தனை நாள் தங்குவார்? 1912-ல் இதை விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் ஸர் ஜான் டூவர். ஆம், உலகத்துப் பாட்டில்களிலெல்லாம் பெயர் ஒட்டியிருக்கிறதே, அந்த விஸ்கிக் குடும்பத்தவர். கமிட்டியில் ஒரே ஒரு பெண், நமது சீமாட்டி. ஊர் ஊராகப் போய் சாட்சியம் கேட்டார்கள். அந்த வருஷ முடிவிலேயே அறிக்கை வந்துவிட்டது. அடுத்த வருஷம் சர்க்கார் வருஷத்துக்கு 42,000 பவுன் ஒதுக்கி மலைநாட்டு வைத்திய சேவையை ஆரம்பித்தது. டாக்டருக்குக் குறைந்தபட்ச வருமானம் உத்தரவாதம். நோயாளியிடம் வாங்குவது சொற்பக் கட்டணம். பிரிட்டன் முழுவதற்கும் இலவச வைத்தியம் வந்தது 1948-ல்தான். அதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்பே ஆட்டு மந்தைகளுக்கு நடுவில் அதற்கு ஒரு வெள்ளோட்டம் நடந்துவிட்டது. கமிட்டி அறிக்கை என்றால் அலமாரியில் தூங்குவதற்கென்றே பிறந்தது என்று நினைக்கிற நமக்கு, இந்த வேகம் கொஞ்சம் பொறாமையைக்கூட உண்டாக்குகிறது.

இப்படி ஊர் வேலை செய்கிற பெண்மணி, பெண்களுக்கு வோட்டுரிமை வேண்டாம் என்று மேடையேறினார். 1914-ல் யுத்தம் மூள்வதற்கு முந்திய சங்கதி. பிறகு 1918-ல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வோட்டு வந்தது. 1923 டிசம்பரில் கின்ராஸ்-மேற்கு பெர்த்ஷயர் தொகுதியில் தாமே அபேட்சகராக நின்று, 150 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சபைக்குள் போனவர் என்ன செய்தார்? 1924-ல், ஆணுக்குச் சமமாகப் பெண்களுக்கும் வோட்டு என்று ஒரு மசோதா வந்தபோது எழுந்து எதிர்த்தார். யுத்தத்தில் லட்சக்கணக்கான ஆண்களைப் பறிகொடுத்திருக்கிறோம், அந்த நஷ்டத்தை வைத்துப் பெண்கள் ஆதாயம் தேடுவதுபோல ஆகும் என்று அவர் வாதம். அதே வருஷக் கடைசியில் பால்ட்வின் அவரைக் கல்வி இலாகாவில் உதவி மந்திரியாக்கினார். கன்சர்வேடிவ் கட்சியில் மந்திரி பதவி பெற்ற முதல் பெண் என்ற பெருமையும் சேர்ந்தது. 'வேண்டாம், வேண்டாம்' என்றவர் இலையில்தான் பாயசம் விழும் என்பார்கள் நம் வீட்டுப் பாட்டிகள்.

1929-ல் பதவி போயிற்று. அதற்குப் பிறகுதான் அம்மையாரின் உண்மையான அரசியல் ஆரம்பமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. கென்யாவில் பெண் குழந்தைகளின் உடம்பை வெட்டிச் சிதைக்கும் ஒரு சடங்கைப் பற்றி அந்த வருஷ டிசம்பரில் காமன்ஸ் சபையில் எழுந்து பேசினார். ஆண்கள் நிறைந்த சபை. பெரிய வீட்டுப் பெண்மணி இதையெல்லாம் வாயால் சொல்லலாமா என்று அங்கத்தினர்கள் நெளிந்தார்கள். அவர் நெளியவில்லை. எடுத்ததை முடிக்காமல் உட்காருகிற வழக்கம் அவருக்கு இல்லை. 1931-ல் ரஷ்யாவின் கட்டாய உழைப்பைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். விவரம் திரட்டுவதில் அசாத்தியப் பொறுமை. மேடைப் பேச்சோ சுவையற்றது, புள்ளி விவரம் அதிகம் என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தபடி நம்முடைய விஷயம். 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம். மாகாணங்களில் இந்திய மந்திரிகளிடம் ஆட்சியை ஒப்படைக்கலாம் என்ற அந்த மசோதாவைச் சர்ச்சிலும் அவரைச் சேர்ந்தவர்களும் மூர்க்கமாக எதிர்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் நமது சீமாட்டியும் இருந்தார். எதிர்த்ததோடு நிற்கவில்லை. கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு இனி நான் கட்டுப்பட்டவள் அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். காரணங்களில் ஒன்று, இந்தியப் பெண்களும் குழந்தைகளும். பால்ய விவாகம் செய்கிற ஜனங்கள் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் அந்தப் பெண் குழந்தைகளின் கதி என்ன என்று கவலைப்பட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்கு ரத்தம் கொஞ்சம் சூடேறத்தான் செய்கிறது. பால்ய விவாகம் நம்மிடம் இல்லையா? இருந்தது. மறைப்பானேன்? ஆனால் சென்னைச் சட்ட சபையில் 1927-லேயே உபதலைவராக உட்கார்ந்து, தேவதாசி முறையை ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தாரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அவர் எந்த ஊர்? பெண்ணுக்குப் பதினாலு வயதாவது ஆகாமல் கல்யாணம் கூடாது என்று 1929-ல் சட்டம் கொண்டுவந்த ஹர் பிலாஸ் சாரதா ஸ்காட்லாந்திலிருந்தா வந்தார்? அதே முத்துலட்சுமி அம்மாள் 1930-ல் காந்திஜியைக் கைது செய்ததைக் கண்டித்துச் சட்ட சபைப் பதவியை உதறினார். சீர்திருத்தமும் வேண்டும், சுதந்திரமும் வேண்டும் என்று கேட்ட பெண்கள் இங்கே இருந்தார்கள். பிளேர் கோட்டை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்கள் கண்ணில் படவில்லை. கோட்டை ஜன்னல்கள் பொதுவாகக் கொஞ்சம் உயரத்தில்தான் வைக்கப்பட்டிருக்கும்.

மசோதா எப்படியோ நிறைவேறியது. அதன்படி தேர்தல் நடந்து 1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அந்தச் சமயத்தில் நமது சீமாட்டி இந்தியாவை மறந்துவிட்டார். வேறு ஒரு புத்தகம் அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

ஹிட்லரின் 'மைன் காம்ப்' இங்கிலீஷில் சுருக்கமாக வந்திருந்தது. அம்மையாருக்கு ஜெர்மன் தெரியும். மூலத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். விஷம் எங்கே இருந்ததோ அந்தப் பகுதிகளையெல்லாம் மொழிபெயர்ப்பில் மெழுகி விட்டிருந்தது தெரிந்தது. விடுபட்ட இடங்களை மொழிபெயர்த்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டி, படியுங்கள், படியுங்கள் என்று மன்றாடினார். ஒரு தேசத்தின் மந்திரிகள் மூலத்தைப் படிக்கச் சோம்பியிருந்த காலத்தில், அறுபது வயதுக் கிழவி ஒருத்தி அகராதியோடு உட்கார்ந்திருந்தாள் என்பதை நினைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர்களை யாரும் மதிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் என் நண்பர்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன்.

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. பிராங்கோவுக்கு ஜெர்மனியும் இத்தாலியும் விமானம் கொடுத்தன. பிரிட்டன் தலையிடுவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 1937 ஏப்ரலில் அம்மையார் நேரில் பார்க்கப் போனார். கூடப் போனவர்களைப் பாருங்கள்: சுயேச்சை அங்கத்தினர் எலினார் ராத்போன், தொழிற் கட்சியின் எல்லன் வில்கின்சன், மூன்றாமவர் டேம் ரேச்சல் கிரவுடி. ஊருக்குள் ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசுகிறவர்கள் குண்டு விழுகிற மாட்ரிட் நகரத்தில் ஒன்றாக நடந்தார்கள்.

அதே மாதம் 26-ந் தேதி குவெர்னிகா என்ற பாஸ்க் நாட்டு ஊர் ஆகாயத்திலிருந்து அழிக்கப்பட்டது. குழந்தைகளையாவது இங்கே அழைத்துக்கொள்ளுங்கள் என்று பிரிட்டிஷ் சர்க்காரிடம் கேட்டார்கள். சர்க்கார் வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தது. ஆனால் ஒரு தம்பிடி தரமாட்டோம். தலைக்கு வாரம் பத்து ஷில்லிங் செலவுக்கு நீங்களே உத்தரவாதம் தர வேண்டும் என்று நிபந்தனை. அதற்கென்று அமைந்த கமிட்டிக்குத் தலைவி நமது சீமாட்டி. மே 23-ந் தேதி 'ஹபானா' என்ற கப்பல் ஏறக்குறைய நாலாயிரம் குழந்தைகளோடு சௌதாம்ப்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கூடாரங்களில் தங்க வைத்து, பிறகு நாடு முழுவதும் பிரித்து அனுப்பினார்கள். நாலாயிரம் பேருக்கு வாரம் பத்து ஷில்லிங் என்றால் வாரத்துக்கு இரண்டாயிரம் பவுன். எல்லாம் கையேந்தி வாங்கிய காசு. தொழிலாளிகள், தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், யாரிடம்தான் கேட்கவில்லை!

1938-ல் ஸ்பெயினைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். ஆறு பென்னி விலையில் பெங்குவின் வெளியிட்டது. லட்சத்துக்கு மேல் விற்றது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில், ஒரு கணக்குப் புத்தகத்துக்கும் சமையல் புத்தகத்துக்கும் நடுவிலிருந்து நான் இதை எடுத்தேன். அட்டை கிழிந்திருந்தது. டியூக் வீட்டுப் பெண்மணி எழுதியதாயிற்றே, உருக்கமாக ஏதாவது இருக்கும் என்று ஆவலோடு பிரித்தேன். உருக்கம் ஒரு துளிகூட இல்லை. தேதி, எண்ணிக்கை, ஒப்பந்தம், சாட்சியம், மறுபடியும் தேதி. ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதிய மாதிரி இருந்தது. பாதிக்கு மேல் போன பிறகுதான் அந்த வறட்சியே அவருடைய நேர்மை என்று புரிந்தது.

ஆனால் புத்தகத்தில் அவர் காட்டும் காரணம் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. குழந்தைகள் மட்டும் அல்ல. ஸ்பெயின் ஹிட்லரின் சிநேகிதர் கையில் போனால் ஜிப்ரால்டர் என்ன ஆகும், மத்திய தரைக்கடல் வழி என்ன ஆகும் என்று கேட்கிறார். அந்த வழி எங்கே போகிறது? சூயஸுக்கு. அங்கிருந்து? பம்பாய்க்கு! நம்மை விட மனமில்லாத அதே சாம்ராஜ்யப் பற்றுதான் ஹிட்லரை முதலில் அடையாளம் கண்டு கொள்ளவும் அவருக்கு உதவியிருக்கிறது. ஒரே வேர், ஒரு கிளையில் கசப்பு, ஒரு கிளையில் இனிப்பு. நான் அவரைக் கொண்டாடலாமா, கூடாதா? பல நாள் இதை மனசில் போட்டுப் புரட்டியிருக்கிறேன். 1938-ல் நேருஜியும் பார்ஸிலோனாவுக்குப் போய், குண்டு விழுகிற ஊரில் அந்த ஜனங்களோடு தங்கிவிட்டு வந்தார். இந்தியாவைப் பற்றி எதிரெதிராக நின்ற இரண்டு பேர் ஸ்பெயினைப் பற்றி ஒரே பக்கம் நின்றார்கள். நேருஜிக்கு அது சங்கடமாக இருந்திருக்காது. எனக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்று கடைசியில் சமாதானம் செய்துகொண்டேன். முழுச் சமாதானம் என்று சொல்லமாட்டேன்.

பெர்த்ஷயரில் இதெல்லாம் பிடிக்கவில்லை. அந்தத் தொகுதி மலையும் மான் காடும் ஆட்டுப் புல்வெளியுமாக நீண்டு கிடக்கிற இடம். நிலப் பிரபுக்கள், குத்தகைக்காரர்கள், அவர்களை நம்பிய கடைக்காரர்கள். நம் அம்மாள் நமக்கு வேலி, சாலை, ஆட்டு ரோம விலை என்று பேசாமல் ஸ்பெயின், ஸ்பெயின் என்று உயிரை விடுகிறாளே என்று முணுமுணுத்தார்கள். கம்யூனிஸ்டுகளோடு மேடையில் உட்காருகிறாள் என்ற புகார் வேறு. 1938 ஏப்ரலில் கட்சிக்கும் அவருக்கும் மறுபடியும் பிளவு. செப்டம்பர் கடைசியில் சேம்பர்லேன் மியூனிக்கிலிருந்து சமாதானக் காகிதத்தோடு திரும்பினார். ஊரெல்லாம் கொண்டாட்டம். அம்மையார் மட்டும் இது சமாதானம் அல்ல என்றார். தொகுதிக் கட்சி அடுத்த தேர்தலுக்கு வேறு ஆளைத் தேடுவதென்று முடிவு செய்தது.

அவர் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பார்லிமெண்டு முடியும்வரை பதவியில் உட்கார்ந்திருக்கலாம். நவம்பரில் தாமாகவே ராஜினாமா செய்தார். வோட்டர்களையே கேட்டு விடுகிறேன் என்று சுயேச்சையாக உபதேர்தலில் நின்றார். லிபரல் அபேட்சகர் அவருக்காக ஒதுங்கிக்கொண்டார். தொழிற் கட்சியும் ஆள் நிறுத்தவில்லை. எதிரே கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் ஸ்நாடன் என்ற விவசாயி. உயர்ஜாதி மாடு வளர்ப்பதில் பெயர் பெற்றவர், உள்ளூர்க்காரர், நல்ல மனிதர். லண்டனிலிருந்து ஆளும் கட்சியின் அங்கத்தினர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். அம்மையாருக்கு வோட்டுப் போட்டால் யுத்தம் வரும் என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். குத்தகைக்காரர்களுக்குப் பண்ணை வீடுகளிலிருந்து ஜாடையான சலுகைகள் போனதாகவும் பேச்சு உண்டு. இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன! சர்ச்சில் ஆதரித்துக் கடிதம் எழுதினார். நேரில் வரவில்லை. அவருக்கும் அவர் தொகுதியில் தலைவலி. கடிதம் பனியில் நனையாது, ஆள் நனைவார்.

டிசம்பர் 21. வருஷத்திலேயே மிகக் குறுகிய பகல். கடும் பனி. கிரீஃப், அபர்ஃபெல்டி, கின்ராஸ் ஊர்களைச் சுற்றியுள்ள கிராமப் பாதைகள் மூடிக்கிடந்தன. கார் வைத்திருந்தவர்கள் வோட்டர்களை ஏற்றி வந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்நாடனுக்கு 11,808, அம்மையாருக்கு 10,495. வித்தியாசம் 1,313. வீட்டைவிட்டு வந்தவர்களில் 657 பேர் மனம் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

எண்பத்து நாலு நாள் கழித்து, 1939 மார்ச் 15-ந் தேதி, ஹிட்லர் பிராகா நகரத்துக்குள் நுழைந்தார். மியூனிக் காகிதம் குப்பைக் கூடைக்குப் போயிற்று. செப்டம்பரில் யுத்தம். பெர்த்ஷயரில் யாராவது அம்மையாரைத் தேடிப்போய், "அன்றைக்கு நீங்கள் சொன்னது சரி" என்று சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நிஜமாகிவிட்ட எச்சரிக்கையைச் சொன்னவரை ஜனங்கள் லேசில் மன்னிப்பதில்லை. பார்லிமெண்டுக்கு அவர் மறுபடி போகவே இல்லை.

1942-ல் கணவர் காலமானார். மனைவியின் ஸ்பெயின் காரியங்கள் அவருக்கு முழுக்க உடன்பாடில்லை, இருந்தாலும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. யுத்தம் முடிகிற தறுவாயில், சோவியத் பிடியில் போகிற போலந்துக்காரர்களுக்காகவும் மற்றக் கிழக்கு ஐரோப்பியர்களுக்காகவும் ஒரு சங்கத்தின் தலைமையை ஏற்றார். சிவப்பு டச்சஸ் என்றவர்கள் இப்போது என்ன நிறம் சொல்வது என்று திண்டாடியிருப்பார்கள். நாலாயிரம் குழந்தைகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். சில நூறு பேர் பிரிட்டனிலேயே வளர்ந்து, வேலை தேடி, கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்கள். அம்மையார் 1958-ல் சுயசரிதை எழுதினார். அதற்கு வைத்த தலைப்பு தம்மைப் பற்றியது அல்ல, தானும் கணவருமாகச் சேர்ந்து உழைத்த கூட்டைப் பற்றியது. 1960 அக்டோபரில், எண்பத்தைந்து வயதில் இறந்தார்.

அந்தத் தொகுதியைப் பற்றி இன்னும் ஒன்று. 1963-ல் பிரிட்டனின் பிரதம மந்திரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹோம் பிரபு, பிரபு பட்டத்தைத் துறந்து ஸர் அலெக் டக்ளஸ்-ஹோமாகிக் காமன்ஸ் சபையில் இடம் தேடினார். ஒரு பத்திரமான கன்சர்வேடிவ் தொகுதி வேண்டியிருந்தது. கின்ராஸ்-மேற்கு பெர்த்ஷயரில் நவம்பர் மாதம் உபதேர்தல் நடந்து, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1938 செப்டம்பரில் சேம்பர்லேனுடைய பார்லிமெண்டு காரியதரிசியாக அவரோடு மியூனிக்குக்குப் போய்வந்த இளைஞர் இவர்தான்.